இசை தரும் வில்லும் எழுதா அறிவும்

'வில்' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழ் பயின்றோர் உள்ளத்தில் போர்க்களமும் வேட்டைக்காடும் தோன்றும். வல்வில் ஓரியின் பெயரே அவனது வில்லாற்றலைச் சொல்லும். எனினும் வில்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. குமிழ மரத்தின் உட்டுளையுடைய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கும் இடையனைப் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகிறது. தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டில் வில்லே தலைமைக் கருவி. உயிரைப் பறிக்கப் பிறந்த கருவி உயிரை உருக்கும் கருவியாக மாறியது மனித நாகரிகத்தின் அரிய திருப்பங்களுள் ஒன்று என்பது என் எண்ணம்.

அத்திருப்பத்தின் உச்சியில் நிற்பது வயலின் வில். அதனை வில் என்று அழைப்பதா, கோல் என்று அழைப்பதா என ஐயுறும் அளவுக்கு அது மெலிந்தது. கச்சேரி கேட்டுத் திரும்புவோர் வாசித்தவரைப் புகழ்வர். வயலினின் நாதத்தைப் புகழ்வர். வலக்கையில் ஆடிய அந்தக் குச்சியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பேசப்படாத அந்தக் குச்சியையும், அதனைச் செய்த கைகளையும் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். மரவாடி நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்து, தமிழ் கற்பிக்கும் தொழிலுக்கு வந்தவன் நான். மரமும் சொல்லும் சந்திக்கும் இடம் எதுவாயினும் அங்கே என் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன.

வில்லின் பயணம்

நரம்பை விரலால் மீட்டுவது மிகப் பழைய வழக்கம். மயிர் கட்டிய வில்லால் நரம்பைத் தேய்த்து ஒலி எழுப்புவது அதற்கு நெடுங்காலம் பின்னர் வந்தது. பத்தாம் நூற்றாண்டளவில் இசுலாமிய நாடுகளிலும் பைசாந்தியப் பேரரசிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. இசையிலக்கணப் பெருநூல் யாத்த அல் ஃபாராபி, ரபாப் என்னும் நரம்புக் கருவியை விரிவாக விளக்கியுள்ளார். அந்த ரபாப் எசுப்பானியத்தின் அந்தலூசியா வழியாக ஐரோப்பாவில் நுழைந்து, வயலினின் முன்னோர்களுள் ஒன்றாயிற்று. வயலின் நம் நாட்டுக்கு வந்தது பின்னர். முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கருநாடக இசைக்குரியதாக்கினர். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் காண்பது அரிது. கருவியைப் பிடிக்கும் முறையையும் வாசிக்கும் முறையையும் நாம் மாற்றிக்கொண்டோம். வில்லை மட்டும் வந்த வடிவிலேயே ஏற்றுக்கொண்டோம்.

தொடக்க கால வில் வேட்டை வில்லைப் போலவே வெளிப்புறம் வளைந்திருந்தது. மயிரை இறுக்கும்தோறும் மரம் மேலும் வளைந்து, மயிரை விட்டு விலகி நின்றது. பின்னர் வளைவு சிறிது சிறிதாகக் குறைந்து கோல் நேரானது, நீளமும் கூடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளைவு திசை மாறி, கோலின் நடுப்பகுதி மயிரை நோக்கித் தாழ்ந்தது. இவ்வாறு உள்நோக்கி வளைந்த கோல், மயிரை இறுக்கும்போது நிமிரப் பார்க்கிறது. ஆயினும் முற்றும் நிமிர்வதில்லை. அடக்கி வைத்த அந்த விசையே வாசிப்பவரின் கைக்கு வலிமையாகிறது. ஒரே இழுப்பில் நீண்ட நாதத்தையும், நரம்பின் மேல் துள்ளித் துள்ளி எழும் குறு நாதங்களையும் ஒருசேரத் தரவல்ல வில் அப்போதுதான் பிறந்தது.

பாரிசு நகரத்துக் கைவினைஞர்

இந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் பிரான்சுவா சவியே தூர்த். பாரிசு நகரில் வில் செய்வோர் குடும்பத்தில் பிறந்து 1835-இல் மறைந்தவர். தந்தையும் தமையனும் வில் செய்வோராயிருக்க, இவரோ இளமையிலேயே கடிகாரத் தொழிலுக்கு அனுப்பப்பட்டார். எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்தும் வருவாய் போதாமையால் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். நுண்பொருளைக் கையாளும் பழக்கத்தைக் கடிகாரம் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். சர்க்கரை வந்திறங்கிய பழைய மிடாக்களின் பலகைகளைச் செதுக்கிக் கைபழகினார் என்பர். 1782-இல் பாரிசுக்கு வந்த இத்தாலிய வயலின் மேதை வியோத்தி அவருக்கு நண்பரானார். வாசிப்பவர் தம் கை வேண்டுவதைச் சொல்ல, செய்பவர் மரத்தில் அதனைத் தேடினார்.

வில்லின் நீளம் ஏறத்தாழ 74, 75 செ.மீ. என வரையறை பெற்றது. மயிர் உருண்டு திரளாமல் நாடாவைப் போல் பரந்து நிற்க, கைப்பிடிக் கட்டையின் முனையில் உலோகப் பூண் அமைந்தது. அக்கட்டை கருங்காலியால் ஆனது. சிறந்த கருங்காலி விளையும் நாடுகளுள் இலங்கை ஒன்று. அதன்மேல் முத்துச்சிப்பியின் ஓட்டை இழைத்துப் பதிப்பர். வெண்ணிறக் குதிரையின் வால்மயிர் நூற்றைம்பது முதல் இருநூறு இழை வரை அதில் கோத்துக் கட்டப்படும். பைன் மரப் பிசினைக் காய்ச்சி இறுக்கிய ரோசின் கட்டியை அம்மயிரில் தேய்த்தால்தான் நரம்பு பேசும். ரோசின் இல்லாத புதுமயிர் நரம்பின் மேல் ஓசையின்றி வழுக்கிச் செல்லும். இத்தனையும் சேர்ந்த முழு வில்லின் எடை ஏறத்தாழ 60 கிராம்.

தூர்த் தம் வில்களில் பெயர் பொறிக்கும் வழக்கமில்லாதவர். அவருக்குப் படிக்கவும் எழுதவும் தெரியாது என்று பெல்ஜிய இசையறிஞர் ஃபெட்டிஸ் எழுதியுள்ளார். அவர் மறைந்தபின் பாரிசில் புகழ்பெற்ற வயலின் செய்வோரான வீயோம், தூர்த் செய்த வில்கள் பலவற்றை அளந்து பார்த்தார். கைப்பிடிப் பக்கத்தில் எட்டரை மில்லி மீட்டருக்குச் சற்று மிகுந்த கோல், நுனியில் ஐந்து மில்லி மீட்டருக்குச் சற்று மிகுந்ததாக மெலிகிறது. அந்த மெலிவு வில்லுக்கு வில் ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தது. அதனை ஒரு கணித முறையாகவே வரைந்து காட்டலாம் என்று வீயோம் கண்டார். 1856-இல் ஃபெட்டிஸின் நூல் வழியே அந்தக் கணக்கு அச்சேறியது. எழுத்தறியாத ஒருவர் தம் கைவிரல்களால் கண்டறிந்த ஒழுங்கைக் கற்றவர்கள் எண்களாக்குவதற்கு அவர் மறைவுக்குப்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கை முன்னே சென்றது. கணக்குப் பின்னே வந்தது.

மரம் வந்த வழி

தூர்த் தேர்ந்தெடுத்த மரம் பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ. அந்த மரத்தின் பெயர் வரலாறு நம் கடற்கரையோடு தொடர்புடையது. மலையாள நாட்டார் பதிமுகம் என்று வழங்கி, தண்ணீரில் இட்டுக் காய்ச்சிச் செந்நீராகப் பருகும் மரத்தை நம்மவர் பலரும் அறிவர். அதன் வைரப் பகுதி செஞ்சாயம் தருவது. அரபு வணிகர் அதனைப் பக்கம் என்றழைத்து மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்றனர். பதினான்காம் நூற்றாண்டில் கொல்லத்துக்குப் பயணம் செய்த இப்னு பதூதா, வழியில் ஆற்றங்கரையெங்கும் இம்மரமும் இலவங்கமும் நிற்பதையும், மக்கள் அவற்றை விறகாக எரிப்பதையும் கண்டு குறித்துள்ளார். ஐரோப்பியர் இக்கீழ்நாட்டுச் சாயமரத்தைப் 'பிரேசில்' என்று வழங்கினர். 1500-ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டையை நோக்கிப் புறப்பட்ட போர்ச்சுகீசியர் கப்ராலின் கப்பல்கள் இடையில் ஒரு புதுநிலத்தைக் கண்டன. அங்கே அதே செஞ்சாயம் தரும் உறவுமரம் காடாக நின்றது. மரத்தின் பெயரே நாட்டின் பெயராயிற்று. நம் கரையிலிருந்து சென்ற பண்டத்தின் பெயர் உலகின் மறுகரையில் ஒரு நாட்டுக்குச் சூட்டப்பட்டது!

சாயத்திற்காகக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய மரத்தில் வில்லுக்குரிய குணத்தைக் கண்டவர்கள் பிரெஞ்சு நாட்டுக் கைவினைஞர். அடர்த்தி, நிமிர்வு, விசை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மரம் அது. நல்ல துண்டு சில வேளை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்திருக்கும். எல்லாவற்றினும் சிறந்த குணம், சூட்டில் வளைத்த வளைவை ஆண்டுக்கணக்கில் மறவாமை. ஆனால் எல்லாத் துண்டும் வில்லாகாது. கணு, வெடிப்பு, முறுக்கிய ரேகை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் பெரிய கட்டையிலும் தேறுவது சிறிதே.

சூடு உள்ளே செல்ல வேண்டும்

என் தந்தையாரை நாங்கள் அத்தா என்று அழைப்போம். கையெழுத்தைத் தவிர வேறெழுத்து அறியாதவர். கடைக் கணக்கைக் கணக்குப்பிள்ளை எழுதுவார். மரத்தின் கணக்கு அத்தாவின் நெஞ்சில் இருக்கும். நெடுக வெட்டிய கட்டையின் ஒருமுனையை விரற்கணுவால் தட்டிவிட்டு மறுமுனையில் காதை வைப்பார். பிறகு, 'உள்ளே பொந்து' என்றோ, 'வைரம் நல்லா ஏறியிருக்கு' என்றோ சொல்வார். அறுத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுப்பதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அத்தாவின் காதுதான் என் நினைவுக்கு வரும்.

எங்கள் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் வயலின் கற்று வந்தார். எளிய குடும்பத்தவர், விலை குறைந்த வில் ஒன்றை வைத்திருந்தார். வாங்கிய ஓராண்டிற்குள் அதன் வளைவு குலைந்து, கோல் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. ஒருநாள் என் இல்லத்திற்கு வந்தவர் அதனைக் காட்டி வருந்தினார். திண்ணையில் இருந்த அத்தா கைநீட்டி அதை வாங்கினார். இசை கேட்கும் பழக்கமே இல்லாதவர் அவர். கோலை விரல்மேல் நிறுத்திச் சமன் பார்த்தார், ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நோக்கினார், நகத்தால் தட்டினார்.

"சூடு மேலோட நின்னுடுச்சு தம்பி. உள்ளே போகல. மழைக்காலம் வந்தா மரம் பழைய குணத்துக்குத் திரும்பத்தானே செய்யும்?" என்றார்.

"அப்படியானால் இதனை மீண்டும் வளைக்க முடியாதா, ஐயா?" என்று மாணவர் கேட்டார்.

"வளைக்கலாம். அவசரப்படக் கூடாது. மரம் இளகுற வரைக்கும் காத்திருக்கணும். இளகுனது கைக்குத் தெரியும்" என்றார் அத்தா.

பல ஆண்டுகள் கழித்து வில் செய்யும் கலையைப் பற்றிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தூர்த் கண்ட முறைகளுள் தலையாயதாக அங்கே சொல்லப்பட்டிருந்தது இதுதான். வளைந்த வடிவில் மரத்தை அறுத்தெடுத்தால் ரேகை அறுபட்டு வலிவு கெடும். ஆகவே நேராக அறுத்த கோலை நெருப்பில் காட்டி வளைக்க வேண்டும். சூடு புறத்தோடு நில்லாமல் உள்நரம்பு வரை ஊடுருவ வேண்டும். இல்லையேல் வளைவு நிலைக்காது. அந்தப் பகுதியைப் படித்தபோது சற்றுநேரம் நூலை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். பாரிசு நகரத்து எழுத்தறியாத கைவினைஞரும் எங்கள் ஊர் மரவாடிக்காரரும் ஒரே பாடத்தை ஒரே ஆசிரியரிடம் கற்றிருந்தனர். அந்த ஆசிரியர் மரம்.

இன்றும் செய்முறை பெரிதும் மாறவில்லை. ரேகையோடு அறுத்த கோலை முதலில் நான்கு பட்டையாகவும், பிறகு எட்டுப் பட்டையாகவும், இறுதியில் உருண்டையாகவும் சிறிய இழைப்புளியால் சீவுவர். நெருப்பில் காட்டி, ஒருசாண் ஒருசாணாக நகர்த்தி வளைப்பர். நுனித் தலையைக் கத்தியாலும் அரத்தாலும் செதுக்குவர். ஒவ்வொரு சீவலுக்கும் ஒருமுறை கோலை வளைத்துப் பார்ப்பர். ஒரு சீவல் மிகுதியாகப் போனால் விசை போய்விடும், மீட்க வழியில்லை. எங்கே நிறுத்துவது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. ஒரே அளவில் செய்த இரு கோல்கள் ஒரே குணத்தன அல்ல. மரம் வேறாயின் அளவும் வேறாக வேண்டும்.

மரம் குறைந்தது

பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடு முதலில் சாயத்திற்காக வெட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் பரவிய பின்னர்ச் சாயமர வாணிகம் ஒடுங்கியது. ஆயினும் கரும்புக்கும் காப்பிக்கும் மேய்ச்சலுக்கும் நகரங்களுக்குமாகக் காடு அழிந்துகொண்டே வந்தது. இன்று அக்காட்டில் எஞ்சியிருப்பது சிறுபகுதியே. 1978-இல் அந்நாடு இம்மரத்தைத் தன் தேசிய மரமாகச் சட்டமியற்றி அறிவித்தது. நாட்டுக்குப் பெயரளித்த மரம் நாட்டின் சின்னமானபோது, காட்டில் அதனைத் தேட வேண்டியிருந்தது. 2007 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் காப்புக்குள் இம்மரம் வந்தது. 2022-இல் பனாமாவில் கூடிய அவ்வுடன்படிக்கை நாடுகளின் மாநாடு விதிகளை மேலும் இறுக்கியது.

வில் செய்வோர் காட்டை அழித்தவர் அல்லர். அவர்கள் எடுத்தது மிகச் சிறிது. எனினும் அவர்கள் 'எங்கள் குற்றமன்று' என்று ஒதுங்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் பல நாட்டு வில் செய்வோர் ஒன்றுகூடி ஓர் அமைப்பை நிறுவினர். பிரேசிலின் கொக்கோத் தோட்டங்களில் நிழல்மரங்களோடு பெர்னாம்புகோக் கன்றுகளை நடச் செய்தனர். அக்கன்றுகள் வில்லுக்குரிய வைரம் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நட்டவர் பலர் அம்மரத்தில் ஒரு வில்லும் செய்யப் போவதில்லை. தாம் காணப்போகாத ஒரு கைக்காக மரம் நடுவது எத்துணைப் பெரிய அறம்! கரிம இழையால் ஆன வில்கள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. மாணவர்க்கு அவை பெரிதும் பயன்படுகின்றன. அவற்றைப் போற்றுவோம், மரத்தையும் காப்போம்.

எழுதா அறிவு

மரம் அழிந்தால் நட்டு வளர்க்கலாம். மரத்தை அறிந்த கை அழிந்தால் அதனை எங்கே நடுவது? இலண்டனில் வில் செய்து பெரும்புகழ் பெற்ற ஜான் டாட் என்பவர் தம் செய்முறையை எவருக்கும் வெளிப்படுத்தாதவர். 1839-இல் ஏழையர் விடுதியில் உயிர் நீத்தபோது அவரது நுட்பமும் அவருடன் சென்றது. பிரான்சின் மீர்கூர் என்னும் சிற்றூரிலோ இளைஞர் தலைமுறை தலைமுறையாக முதியவர் அருகே அமர்ந்து இத்தொழிலைக் கற்றனர். தூர்த்துக்குப் பின் அவர் வழியை மேலெடுத்துச் சென்ற தொமினிக் பெக்காத் அவ்வூரில் பிறந்தவரே. அறிவு அருகமர்வதால் வாழ்கிறது, மறைப்பதால் மாய்கிறது.

அத்தாவின் இறுதி ஆண்டுகளில் நாள்தோறும் மாலையில் அவரருகே ஒரு குறிப்பேட்டுடன் அமர்வது எனக்கு வழக்கமாயிற்று. வைரம், வெளிறு, கணு, சுழி, முறுக்கு, ரேகை, வெடிப்பு என அவர் வாயில் வந்த மரத்தொழிற் சொற்களை எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஒரு மரத்தின் கதை சொல்வார். அகராதியில் காணாத பொருள்நுட்பங்கள் அவர் பேச்சில் வந்தன. 'மரம் இளகுவது கைக்குத் தெரியும்' என்றாரே, அதனை மட்டும் எழுத முடியவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தை வளைத்திருந்தால் ஒருவேளை என் கையும் அறிந்திருக்கும். அத்தாவும் இன்று இல்லை. மரவாடி இருந்த இடத்தில் வேறு கடைகள் எழுந்துவிட்டன. குறிப்பேடு மட்டும் என் மேசையில் இருக்கிறது.

தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த பெருமக்களின் வழியில் வந்தவர்கள் நாம். இன்று கரையான் அரித்துக்கொண்டிருக்கும் சுவடிகள் பல, மனித வடிவில் நம் தெருக்களில் உலவுகின்றன. தச்சர், கொல்லர், நெசவாளர், பாய் முடைவோர், படகு கட்டுவோர், தோல் பதனிடுவோர் ஆகியோர் நெஞ்சில் ஆயிரமாயிரம் தமிழ்ச் சொற்களும் அவற்றுக்குப் பின்னே வாழ்நாள் அறிவும் உறைகின்றன. பட்டப்படிப்புக்காக எழுதும் திட்டக் கட்டுரைக்குப் பொருள் தேடி அலையும் மாணவர், தம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டனாரிடமே தொடங்கலாம். ஆசிரியப் பெருமக்கள் அத்தகைய ஆய்வுக்கு உரிய மதிப்பெண்ணும் மதிப்பும் அளிக்க வேண்டும். சமுதாயப் பெரியோர் தம் தொழிலறிவைச் 'சாதாரணம்' என்று எண்ணி ஒதுக்காமல், இளையோரை அருகழைத்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தறிவு வேறு, அறிவு வேறு என்பதைப் பெயர் பொறிக்காத வில் ஒன்று இருநூறு ஆண்டுகளாக உலக மேடைகளில் இசைத்துக்கொண்டிருக்கிறது. எழுதத் தெரிந்த நாம், எழுதத் தெரியாத பெரியோரின் அறிவுக்கு எழுத்தர்களாவோம். அருகே அமர்வோம், பொறுமையாகக் கேட்போம். நல்ல வில்லில் நெருப்பின் சூடு இறங்குவது போலவே, கல்வியும் மேலோடு நில்லாமல் உள்ளே செல்லட்டும்!